ஆய்வேடு முடியும் வேளையில்: அறிவியல் முனைவர்களுக்குக் கல்லூரிக்கு வெளியே என்ன இருக்கிறது?

துறையூர் மலர்:

அனைவருக்கும் வணக்கம். நான் மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றில் கரிம வேதியியல் ஆய்வு மாணவி. ஐந்தாம் ஆண்டு முடியப்போகிறது. டெட்ரசோல் வளையம் (நான்கு நைட்ரஜனும் ஒரு கார்பனும் சேர்ந்த வளையம்) கொண்ட சேர்மங்களைத் தயாரிப்பது என் ஆய்வுப் பொருள். மூன்று கட்டுரைகள் வெளிவந்துள்ளன. இரண்டில் நான் முதல் ஆசிரியர். அடுத்த மாதம் சினாப்சிஸ், அதாவது ஆய்வேட்டுச் சுருக்கம், கொடுக்க வேண்டும். மாதம் 42,000 ரூபாயும் வீட்டு வாடகைப் படியுமாக வந்துகொண்டிருக்கும் எஸ்ஆர்எஃப் உதவித்தொகை இன்னும் ஐந்து மாதங்களில் நின்றுவிடும்.

இதே ஆய்வகத்தில் எனக்கு முன் பட்டம் பெற்ற இருவரை அருகிலிருந்து பார்த்துவருகிறேன். ஒருவர் அரசுக் கல்லூரியில் ஆறாவது ஆண்டாகக் கௌரவ விரிவுரையாளர். மாதம் 25,000 ரூபாய், அதுவும் ஆண்டுக்குப் பதினொரு மாதங்களுக்குத்தான். மற்றவர் தென்கொரியாவில் இரண்டாவது போஸ்ட்டாக்கில் (பட்டத்துக்குப் பிந்தைய தற்காலிக ஆய்வுப் பணி) இருக்கிறார்; பெண் குழந்தை பிறந்து மூன்றாண்டுகள் ஆகின்றன, அவளைப் பெரும்பாலும் கைப்பேசித் திரையில்தான் பார்த்திருக்கிறார். என் நெறியாளர் எனக்கும் கொரியாவில் ஓர் இடம் பேசி வைத்திருக்கிறார். நல்ல மனிதர், என் நன்மையை நினைத்தே அதைச் செய்தார்.

ஆனால் எனக்கு மருந்து நிறுவனங்களின் ஆய்வுப் பிரிவுக்குப் போகவே விருப்பம். பதினொரு நிறுவனங்களுக்கு ஒன்பது பக்கத் தன்விவரத்தை அனுப்பினேன். ஒரு பதிலும் வரவில்லை. என்னோடு எம்.எஸ்சி. படித்தவர்கள் அங்கே இப்போது ஏழாண்டு அனுபவத்துடன் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கீழே புதியவளாகப் போய் நிற்பதற்குத்தான் இந்த ஐந்தாண்டுகளா என்ற எண்ணம் இரவில் தூங்கவிடுவதில்லை. கல்லூரிப் பணியை விட்டு வெளியே போனவர்கள், மிச்சமிருக்கும் ஐந்து மாதங்களில் நான் எதைச் செய்தால் பயன்படும் என்று சொல்ல வேண்டுகிறேன்.

அறந்தாங்கி ஆசிரியர்:

அம்மா, அவசரப்பட வேண்டாம் என்றே ஒரு கல்லூரி ஆசிரியனாகச் சொல்லத் தோன்றுகிறது. 2024 மார்ச்சில் ஆசிரியர் தேர்வு வாரியம் அரசு கலை அறிவியல் கல்லூரிகளின் 4,000 உதவிப் பேராசிரியர் பணியிடங்களுக்கு அறிவிக்கை வெளியிட்டது. அரசுப் பணியில் உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் பல்கலைக்கழக மானியக்குழு அளவுப்படி 57,700 ரூபாய். நம் ஊர்களில் முதல் தலைமுறையாகப் படிக்க வரும் பிள்ளைகளுக்கு உங்களைப்போல் கையால் வேலைசெய்து கற்ற ஆசிரியர்கள் தேவைப்படுகிறார்கள். வெளியே போனவர்கள் திரும்பி வருவது கடினம் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

கொள்ளிடக்கரை:

ஆசிரியர் ஐயா சொன்னதோடு இதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். அந்த அறிவிக்கையின்படி 2024 ஆகஸ்டில் நடக்கவேண்டிய எழுத்துத் தேர்வு தள்ளிப்போனது. மேலும், உதவிப் பேராசிரியர் பணிக்கு முனைவர் பட்டம் கட்டாயம் என்றிருந்த விதியை மானியக்குழு 2023 ஜூலையில் தளர்த்தி, தேசிய, மாநிலத் தகுதித் தேர்வுகளான நெட் அல்லது செட்டில் தேர்ச்சியே குறைந்தபட்சத் தகுதி என்று ஆக்கிவிட்டது. ஆகவே ஐந்தாண்டு உழைப்பைக் கையில் வைத்திருப்பவரும் நெட் மட்டும் முடித்தவரும் ஒரே வாசலில்தான் நிற்கிறார்கள். காத்திருக்க வசதியுள்ளவர் காத்திருக்கலாம். மலருக்கு ஐந்து மாதங்கள்தாம் இருக்கின்றன.

ஜீடிமெட்லா வேதியியலாளன்:

மலர் அம்மா, நான் கரிம வேதியியலில் முனைவர் பட்டம் பெற்று இருபத்து நான்கு ஆண்டுகளாக ஐதராபாத்தில் மருந்து மூலப்பொருள் உற்பத்தித் துறையில் இருக்கிறேன். ஆய்வுப் பிரிவுக்கு ஆள் எடுக்கும் நேர்காணல்களில் மேசையின் இந்தப் பக்கம் உட்கார்ந்து பல ஆண்டுகள் ஆகின்றன. அந்தப் பக்கத்திலிருந்து பார்ப்பதைச் சற்று நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உங்கள் ஆய்வுப் பொருளிலிருந்தே தொடங்குகிறேன். டெட்ரசோல் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு 2018 ஜூலை நினைவுக்கு வந்தது. இரத்த அழுத்தத்துக்குக் கோடிக்கணக்கானோர் உட்கொள்ளும் வல்சார்ட்டான் மாத்திரைகளில் என்டிஎம்ஏ என்னும் நைட்ரோசமீன் இருப்பது தெரியவந்து, நாடு நாடாக அந்த மாத்திரைகளைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றார்கள். என்டிஎம்ஏ புற்றுநோயை உண்டாக்க வல்லது என்று கருதப்படும் பொருள். அது எங்கிருந்து வந்தது என்று தேடிப்போனால், உங்கள் வளையத்தின் வாசலில்தான் போய் நிற்க வேண்டியிருந்தது. வல்சார்ட்டானிலும் ஒரு டெட்ரசோல் வளையம் உண்டு. புதிய தயாரிப்பு முறையில் அதைச் சோடியம் அசைடு கொண்டு, டிஎம்எஃப் கரைப்பானில் கட்டினார்கள். வினை முடிந்தபின் மிஞ்சும் அசைடை அப்படியே விட முடியாது. அமிலம் பட்டால் நச்சும் வெடிக்கும் இயல்பும் கொண்ட ஹைட்ரசோயிக் அமிலம் கிளம்பும். எனவே சோடியம் நைட்ரைட்டையும் அமிலத்தையும் சேர்த்து அசைடை அழித்தார்கள். பாடப்புத்தகப்படி அது சரியான செயல்தான். ஆனால் டிஎம்எஃப்பில் சிறிதளவு டைமெத்திலமீன் எப்போதும் ஒட்டிக்கொண்டிருக்கும். அதுவும் நைட்ரஸ் அமிலமும் சேர்ந்தால் என்டிஎம்ஏ பிறக்கும். விளைபொருளும் அதே கலத்தில் இருந்ததால் அந்த நஞ்சு அதனுள்ளேயே போய்த் தங்கியது. நாளொன்றுக்கு 96 நானோகிராம் என்பது ஏற்கத்தக்க எல்லை. 320 மில்லிகிராம் மாத்திரையில் அது பத்து லட்சத்தில் 0.3 பங்கு. அந்த அளவில் ஒன்றை முன்கூட்டியே எதிர்பார்த்துத் தேடினாலொழிய யாருக்கும் தெரிய வராது.

அதன்பின் 2019 செப்டம்பரில் ஐரோப்பிய மருந்து முகமை எல்லா நிறுவனங்களையும் தத்தம் வேதித் தயாரிப்பு மருந்துகளில் நைட்ரோசமீன் வாய்ப்பு உண்டா என்று ஆராயச் சொன்னது. எங்கள் துறையில் முனைவர்களுக்கு வேலை கூடியதற்கு இது ஒரு பெரிய காரணம் என்பேன். ஒவ்வொரு தயாரிப்பு முறையையும் எடுத்துவைத்துக்கொண்டு, எந்தப் படியில் எந்த அமீன் வரும், நைட்ரைட் எங்கிருந்து கசியும், மீட்டெடுத்து மறுபடி பயன்படுத்திய கரைப்பானில் என்ன சேர்ந்திருக்கும் என்று காகிதத்தில் எழுதிப் பார்க்கிறவர்கள் வேண்டியிருந்தது.

அதே ஆண்டில் ரானிடிடின் விவகாரமும் வந்தது. வயிற்றுப் புண்ணுக்கான அந்த மாத்திரையில் வெளி ஆய்வகம் ஒன்று மிகப் பெரிய அளவில் என்டிஎம்ஏ இருப்பதாகச் சொன்னது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் பார்த்தபோது, மாதிரியை 130 டிகிரிக்குச் சூடாக்கும் அந்தச் சோதனை முறையே ரானிடிடினை உடைத்து என்டிஎம்ஏவை உண்டாக்குவது புலப்பட்டது. எனவே மாதிரியைச் சூடாக்காமல் திரவத்திலேயே பிரித்துப் பார்க்கும் எல்சி முறைக்கு மாறச் சொன்னார்கள். அந்த முறையிலும் ஓரளவு என்டிஎம்ஏ இருந்தது. வெப்பத்திலும் நாள்பட்ட சேமிப்பிலும் அது கூடுவதும் தெரிந்து, 2020 ஏப்ரலில் மருந்தையே சந்தையிலிருந்து எடுக்கச் சொல்லிவிட்டார்கள். கருவி காட்டிய எண் பொய். ஆனால் அது சுட்டிய சந்தேகம் மெய். இந்த இரண்டையும் ஒருசேர மனத்தில் வைத்துக்கொண்டு அடுத்த சோதனையை வகுக்கத் தெரிந்தவரைத்தான் நான் நேர்காணலில் தேடுகிறேன். எம்.எஸ்சி. முடித்து ஏழாண்டு அனுபவம் உள்ளவர்களில் இப்படிப்பட்டவர்கள் எங்களிடம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் யாரும் விடை சொல்லித்தராத கேள்வியோடு ஐந்தாண்டு மல்லுக்கட்டியவருக்கு அந்தப் பழக்கம் கைவந்திருக்க வாய்ப்பு அதிகம். உங்கள் பட்டத்தை நான் மதிப்பது இதற்காகத்தான்.

ஆகவே உங்களிடம் ஒரு கேள்வி. உங்கள் ஆய்வேட்டின் செய்முறைப் பகுதியில், மிச்ச அசைடை எதைக்கொண்டு அழித்தீர்கள்? கரைப்பான் எது? அந்த வேளையில் விளைபொருள் அதே குடுவையில் இருந்ததா?

கீழே நிற்பது பற்றிய உங்கள் கவலைக்கும் விடை சொல்லிவிடுகிறேன். முனைவராக வருபவர் பெரும்பாலும் விஞ்ஞானி நிலையில் சேர்கிறார், பயிற்சியாளராக அல்ல. ஆயினும் முதல் ஓராண்டு எம்.எஸ்சி. படித்த உங்கள் தோழிதான் உங்களுக்குக் கற்றுத்தருவார். குறிப்பேட்டில் தவறாக எழுதியதை அடித்துத் திருத்துவதுகூட அங்கே வேறு மாதிரி: ஒற்றைக் கோடு, பழைய எண் படிக்கும்படி இருக்க வேண்டும், பக்கத்தில் சரியான எண், காரணம், கையொப்பம், தேதி. வெள்ளை மையைத் தொட்டாலே வேலை போகும். பல்கலைக்கழகத்தில் கிழிந்த தாளில் எடை குறித்துப் பழகிய எனக்கு இது வசப்பட ஆறு மாதங்கள் ஆயின. ஊதியம் தொடக்கத்தில் உங்கள் உதவித்தொகையைவிடச் சற்றே கூடுதலாக இருக்கும், அவ்வளவுதான். நீங்கள் ஓராண்டு பாடுபட்ட திட்டம் ஒரு திங்கட்கிழமைக் காலை கைவிடப்படும். அதைப் பற்றிக் கட்டுரை எழுதவும் முடியாது. இதையெல்லாம் தெரிந்துகொண்டு வாருங்கள்.

குரோம்பேட்டை இயற்பியல்:

வேதியியலுக்கு வெளியே இருப்பவர்களும் இந்த இழையைப் படிப்பார்கள் என்பதால் என் வழியையும் எழுதுகிறேன். நான் துகள் இயற்பியலில் ஆய்வு செய்தவன். இப்போது சென்னையில் ஒரு வெளிநாட்டு வங்கியின் அலுவலகத்தில் கடன் இடர் மாதிரிகளைச் சரிபார்க்கும் பிரிவில் இருக்கிறேன். அமெரிக்க மத்திய வங்கி 2011 ஏப்ரலில் வெளியிட்ட எஸ்ஆர் 11-7 என்னும் வழிகாட்டுதல், ஒரு கணித மாதிரியைக் கட்டியவர்களைச் சாராத வேறொரு குழு அதைச் சோதித்துக் குறை காண வேண்டும் என்று வலியுறுத்தியது. இங்கே இந்த வேலை வளர்ந்ததில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. பிறர் போட்ட கணக்கில் எந்த அனுமானம் உடையும், எந்த ஆண்டின் தரவை விட்டுவிட்டார்கள், பிழை எல்லை உண்மையில் எவ்வளவு என்று கேட்பது என் தொழில். ஆய்வுக் கூட்டங்களில் சக மாணவர்களின் வரைபடங்களை வைத்துக்கொண்டு நாங்கள் இதைத்தான் செய்துகொண்டிருந்தோம்.

ஒன்றை மட்டும் தம்பி தங்கைகளுக்கு அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மூன்று மாத டேட்டா சயின்ஸ் சான்றிதழுக்குப் பெரும் பணம் கட்டாதீர்கள். உங்கள் ஆய்வில் நீங்களே எழுதிய பைத்தான் நிரல் ஒன்றை எடுத்து, அந்நியர் ஒருவர் படித்துத் தம் கணினியில் ஓட்டிப் பார்க்கும்படி ஒழுங்குபடுத்தி, பொதுவில் வையுங்கள். என்னை வேலைக்கு எடுத்தவர் கேட்டதெல்லாம் அதில் ஒரு பக்கத்தைப் பற்றித்தான்: பின்னணி இரைச்சலை ஏன் அப்படிக் கழித்தீர்கள் என்று முக்கால் மணி நேரம் கேட்டார்.

கிண்டி வாசகி:

மலர், உங்கள் பதிவைப் படித்ததும் பதினோரு ஆண்டுகளுக்கு முந்தைய என் நிலை நினைவுக்கு வந்தது. நான் தாவரவியலில் முனைவர். குழந்தை பிறந்தபின் நான்கு ஆண்டுகள் வீட்டில் இருந்தேன். அந்த இடைவெளியைக் காட்டியே மூன்று இடங்களில் என்னைத் திருப்பி அனுப்பினார்கள். பணியில் இடைவெளி விழுந்த பெண் விஞ்ஞானிகளுக்கு அறிவுசார் சொத்துரிமையில் ஓராண்டு உதவித்தொகையோடு பயிற்சி தரும் மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் திட்டம் அப்போது டபிள்யூஓஎஸ்-சி என்ற பெயரில் இருந்தது. அதில் சேர்ந்து, பிறகு காப்புரிமை முகவர் தேர்வையும் எழுதினேன்.

அந்தத் தேர்வுக்கு முனைவர் பட்டம் வேண்டியதில்லை. 1970ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம், 126ஆம் பிரிவு, அறிவியல் அல்லது பொறியியல் பட்டமும் 21 வயதும் இந்தியக் குடியுரிமையும் இருந்தால் போதும் என்கிறது. சட்டத்தைப் பற்றி ஒரு தாள், வரைவு எழுதுவது பற்றி ஒரு தாள், பிறகு நேர்முகத் தேர்வு. சட்டத் தாளைவிட வரைவுத் தாளில்தான் பலர் விழுகிறார்கள். ஒரு கண்டுபிடிப்பை ஒரே நீண்ட வாக்கியத்தில், எதையும் விடாமல், எதையும் மிகையாகக் கோராமல் எழுத வேண்டும். எழுதுவதில் உண்மையான விருப்பம் இல்லாதவர்களுக்கு இந்தத் தொழிலை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஆனால் விருப்பம் இருந்தால் இதைப்போல் நிறைவான வேலை வேறில்லை என்பேன். புற்றுநோய் மருந்தான கிளிவெக்குக்குக் காப்புரிமை கேட்ட விண்ணப்பத்தை 2006 ஜனவரியில் மறுத்தது நம் சென்னை அலுவலகம்தான். 2013இல் உச்ச நீதிமன்றம் காப்புரிமை மறுத்ததைச் சரியென்றது. ஏற்கெனவே அறிந்த பொருளின் புதிய வடிவம், நோய் தீர்க்கும் திறனில் தெளிவான மேம்பாட்டைக் காட்டினாலொழியக் காப்புரிமை பெறாது என்ற பிரிவு 3(டி) அதன் மையம். ஒரு படிக வடிவத்துக்கும் இன்னொன்றுக்கும் உள்ள வேறுபாடு நோயாளிக்கு என்ன பயன் தரும் என்பதை வேதியியல் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து படித்துத்தான் சொல்ல முடியும். மலர், அந்த இடத்தில் உங்களைப் போன்றவர்களுக்கு நாற்காலி உண்டு.

இன்னொரு செய்தி, இதற்கு அவசரம் உண்டு. உங்கள் ஆய்வேட்டில் தொழிலுக்கு உதவக்கூடிய புதிய முறை ஏதேனும் இருந்தால், அது ஆய்வேடுகளைப் பொதுவில் வைக்கும் சோத்கங்கா இணையதளத்தில் ஏறும் முன்பே உங்கள் பல்கலைக்கழகத்தின் அறிவுசார் சொத்துரிமைப் பிரிவைப் பாருங்கள். ஏறிவிட்டால் அது உலகறிந்த செய்தி. பிறகு புதுமை என்று உரிமை கோர முடியாது. முதற்கட்டமாகத் தற்காலிக விவரக்குறிப்பைத் தாக்கல் செய்தால் முழுமையானதைத் தர 12 மாதங்கள் கிடைக்கும். ஒரு மாணவரின் விண்ணப்பத்துக்காக முன்னறிந்த செய்திகளைத் தேடியபோது, அவருடைய ஆய்வேட்டையே அவருக்கு எதிரான முதல் ஆவணமாக எடுத்துக்காட்ட வேண்டிய நிலை எனக்கு வந்தது. அவர் எதிரே உட்கார்ந்து அந்தப் பக்கத்தைப் புரட்டிக்கொண்டே இருந்தார். இன்னொருவருக்கு அது நேரக் கூடாது.

வடபழனி சேகரன்:

எல்லோரும் நல்லதையே சொல்கிறார்கள் என்பதால் நான் மறுபக்கத்தைச் சொல்கிறேன். மூலக்கூறுகளின் நிறையை அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் கருவிகளை விற்கும் நிறுவனமொன்றில் அப்ளிகேஷன் ஸ்பெஷலிஸ்டாக எட்டு ஆண்டுகள் இருக்கிறேன். மாதத்தில் இருபது நாள்கள் பயணம். பிறருடைய ஆய்வகங்களில் கருவியை ஓட்டிக் காட்டிவிட்டு, அவர்களுடைய கேள்வி சுவையாகத் தொடங்கும் இடத்தில் பெட்டியை மூடிக்கொண்டு கிளம்ப வேண்டும். ஊதியத்தில் குறையில்லை, வீடு கட்டினேன், தங்கையின் திருமணத்தை நடத்தினேன். ஆயினும் எனக்கே உரிய கேள்வி என்று ஒன்று இல்லாதது இன்றும் வலிக்கிறது. வெளியே போங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. எதை இழந்தால் உங்களால் தாங்க முடியாது என்பதை முதலில் தெரிந்துகொண்டு அதற்கேற்ற வாசலைத் தேர்ந்தெடுங்கள். நான் ஊதியத்தை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன்.

துறையூர் மலர்:

எல்லோருக்கும் நன்றி. சேகரன் அண்ணா, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன்.

ஜீடிமெட்லா ஐயா கேட்ட கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்கிறேன். கரைப்பான் டிஎம்எஃப். மிச்ச அசைடைச் சோடியம் நைட்ரைட்டும் நீர்த்த அமிலமும் கொண்டே அழித்தேன். விளைபொருள் அதே குடுவையில்தான் இருந்தது. எங்கள் ஆய்வகத்தில் எனக்கு முந்தைய மூன்று ஆய்வேடுகளிலும் இதே செய்முறைதான், ஒரு சொல்கூட மாறாமல், இருக்கிறது. நான் அதைப் பார்த்து எழுதியதோடு சரி. ஏன் என்று ஒருநாளும் கேட்கவில்லை. இதை எழுதும்போது கூச்சமாக இருக்கிறது.

இன்னொரு சந்தேகமும் உண்டு. கொரியாவுக்குப் போகவில்லை என்பதை நெறியாளரிடம் எப்போது சொல்வது? ஆய்வேட்டில் கையெழுத்து வாங்கும் வரை வாயைத் திறக்காதே என்று தோழிகள் சொல்கிறார்கள்.

அறந்தாங்கி ஆசிரியர்:

இதற்கு நான் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். என்னிடம் ஆய்வு செய்த மாணவர் ஒருவர், நான் வருந்துவேன் என்று அஞ்சி, வாய்மொழித் தேர்வு முடிந்த மறுநாள் ஒரு நிறுவனத்தில் சேர்ந்த பிறகே எனக்குச் செய்தி அனுப்பினார். அப்போது கோபப்பட்டேன். பிறகு நினைத்துப் பார்த்தபோது, அந்த மாணவர் என்னிடம் மனம் திறந்து சொல்லும்படி நான் ஒருநாளும் நடந்துகொள்ளவில்லை என்பது புரிந்தது. ஆய்வகத்தை விட்டுப் போனவர்களைப் பற்றி மாணவர்கள் முன்னிலையில் நானே குறைவாகப் பேசியிருக்கிறேன். முதல் பதிவில் உங்களை அவசரப்பட வேண்டாம் என்று எழுதியபோதும் அந்தப் பழைய எண்ணம் எனக்குள் இருந்திருக்கும்.

உங்கள் நெறியாளர் நல்லவர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். சினாப்சிஸ் சமர்ப்பித்த வாரத்திலேயே நேரில் போய்ச் சொல்லுங்கள், அம்மா. அவர் கொரியாவில் ஒருவரிடம் வாக்குக் கொடுத்திருக்கிறார். காலம் தாழ்த்தினால் அவருக்குத்தான் சங்கடம், அந்த இடம் வேறொரு மாணவருக்கும் போகாமல் வீணாகும். வேலை வேண்டாம் என்று சொல்வதோடு நிறுத்தாமல், நிறுவனத்துக்குப் பரிந்துரைக் கடிதம் வேண்டும் என்றும் கேளுங்கள். கேட்காத உதவியை எங்களைப் போன்றவர்கள் செய்யத் தெரியாமல்தான் இருந்துவிடுகிறோம்.

ஜீடிமெட்லா வேதியியலாளன்:

கூச்சப்பட ஒன்றுமில்லை அம்மா. ஆண்டுக்குப் பல டன் தயாரிக்கும் தொழிற்சாலைகளே அந்தச் செய்முறையைக் கேள்வி கேட்காமல் பின்பற்றின. நீங்கள் அதை மறைக்காமல் இங்கே எழுதினீர்களே, அதை நான் நேர்காணலில் கேட்டிருந்தால் அப்போதே பேனாவை எடுத்து உங்கள் பெயருக்கு எதிரே குறித்துவைத்திருப்பேன்.

தன்விவரத்துக்கு வருகிறேன். ஒன்பது பக்கம் யாரும் படிப்பதில்லை, இரண்டு போதும். கலந்துகொண்ட கருத்தரங்குகள் ஒரு வரியில் அடங்க வேண்டும். 'டெட்ரசோல் பெறுதிகளைத் தயாரித்து அவற்றின் பண்புகளை ஆராய்ந்தேன்' என்று எழுதியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அதில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. எத்தனை கிராம் அளவுக்குச் செய்தீர்கள், காலம் (column, சிலிக்கா ஜெல் நிரப்பிய பிரிப்புக் குழாய்) போடாமல் படிகமாக்கியே தூய்மைப்படுத்திய சேர்மங்கள் எத்தனை, மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் என்எம்ஆரில் எதிர்பாராத உச்சி வந்தபோது அது என்ன மாசு என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள், அசைடைக் கையாளும்போது என்ன பாதுகாப்பு எடுத்தீர்கள் என்று எழுதுங்கள். சிலிக்கா ஜெல் காலம் எங்களுக்கு எட்டாத வசதி. ஐந்நூறு லிட்டர் கலனில் இருப்பதை யாரும் காலத்தில் ஊற்ற முடியாது. ஆகவே 'படிகமாக்கித் தூய்மைப்படுத்தினேன்' என்ற ஒரு தொடர் உங்கள் மூன்று கட்டுரைகளைவிட எங்கள் கண்ணில் முதலில் படும்.

பொது மின்னஞ்சல் முகவரிக்கு அனுப்புவதையும் நிறுத்துங்கள். உங்கள் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு ஐதராபாத்திலும் பெங்களூருவிலும் விசாகப்பட்டினத்திலும் இருப்பவர்களைத் தேடி, வேலை கேட்காமல், அவர்களுடைய ஒரு நாள் எப்படிப் போகிறது என்று கேட்டு எழுதுங்கள். பத்துப் பேருக்கு எழுதினால் நான்கு பேர் பதில் தருவார்கள். உங்கள் எம்.எஸ்சி. தோழிகளிடமிருந்தே தொடங்கலாம். அவர்களை உங்களுக்கு மேலே இருப்பவர்களாக எண்ணி அஞ்சிக்கொண்டிருந்தீர்கள். உள்ளே எந்தக் குழுவில் இடம் காலியாகிறது என்பது முதலில் தெரிவது அவர்களுக்குத்தான்.

கடைசியாக ஒரு யோசனை. ஐந்து மாதங்கள் இருக்கின்றன. அந்தச் செய்முறையையே ஒரு கேள்வியாக எடுத்துக்கொள்ளலாமே. பழைய முறையில் ஒரு தொகுதி செய்யுங்கள். அடுத்ததில் விளைபொருளை முதலில் பிரித்தெடுத்துவிட்டு, மிஞ்சிய நீர்க்கரைசலில் மட்டும் தனியே அசைடை அழியுங்கள். இரண்டிலும் என்டிஎம்ஏ எவ்வளவு என்று பாருங்கள். புகைப்போக்கி அறைக்குள்ளேயே, கையுறையோடு, நெறியாளருக்குச் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

துறையூர் மலர்:

மூன்று வாரங்கள் கழித்து எழுதுகிறேன், தாமதத்துக்குப் பொறுத்தருளுங்கள்.

சினாப்சிஸ் கொடுத்த மறுநாள் நெறியாளரிடம் சொன்னேன். சிறிது நேரம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, கொரியாவுக்கு இளையவர் ஒருவரை அனுப்பலாமா என்று என்னிடமே கேட்டார். பரிந்துரைக் கடிதம் தருவதாகச் சொல்லிவிட்டு, அதில் என்ன எழுத வேண்டும் என்று குறித்துத் தரச் சொன்னார். நைட்ரைட் செய்முறையைப் பற்றிச் சொன்னபோது முந்தைய மூன்று ஆய்வேடுகளையும் அலமாரியிலிருந்து எடுத்து மேசைமேல் விரித்தார். அரை மணி நேரம் நாங்கள் இருவரும் பேசவில்லை, படித்துக்கொண்டிருந்தோம்.

தன்விவரம் இரண்டு பக்கத்துக்கு வந்துவிட்டது. காலம் போடாமல் தூய்மைப்படுத்திய சேர்மங்களை எண்ணிப் பார்த்தேன்: நாற்பத்தொன்றில் பதினேழு. ஒன்பது பேருக்கு எழுதினேன். ஐவர் பதில் தந்தார்கள். அவர்களில் ஒருவர் என் எம்.எஸ்சி. வகுப்புத் தோழி, அடுத்த மாதம் அவளுடைய குழுத்தலைவர் என்னோடு தொலைபேசியில் பேசப் போகிறார். கிண்டி அக்கா, அறிவுசார் சொத்துரிமைப் பிரிவுக்கும் போய் வந்தேன். பதிவு செய்யத்தக்க புதுமை என் முறையில் இல்லை என்று விளக்கினார்கள், ஏற்றுக்கொண்டேன்.

இரண்டு தொகுதிகளும் தயார். எங்கள் மையக் கருவிக்கூடத்தில், மாதிரியைச் சூடாக்கி ஆவியாக்கிப் பார்க்கும் ஜிசி-எம்எஸ்தான் இருக்கிறது. ரானிடிடினைப் போல் என் சேர்மமே சூட்டில் உடைந்து பொய் எண் தருமோ என்று யோசித்து, நைட்ரைட்டே படாத மூன்றாவது தொகுதி ஒன்றையும் ஒப்பீட்டுக்காகச் செய்துவைத்தேன். இன்று காலை பத்தரை மணிக்கு முதலில் அதைத்தான் கருவியில் ஏற்றினேன். எண்கள் வந்ததும் இங்கேயே எழுதுகிறேன், ஐயா.

ஜீடிமெட்லா வேதியியலாளன்:

அந்த மூன்றாவது தொகுதியை நான் சொல்லவில்லை. அதை நீங்களே யோசித்துச் செய்ததைக் குழுத்தலைவரிடம் முதலில் சொல்லுங்கள், அம்மா. எண்களுக்குக் காத்திருக்கிறேன்.